தெரெக் ஓடையின் நான்கு மாதங்கள்

ஓஷ் நகரத்துப் பல்கலைக்கழகங்களில் ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் அனார்குல். நாற்பத்தொரு வயது. மதிப்பெண்ணுக்குக் கைநீட்டாத ஆள் என்று ஊரெல்லாம் பேர். பரீட்சை சமயத்தில் ஒரு தகப்பன் மகனுக்காக ஐந்து கிலோ மலைத்தேனை அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு நழுவியபோது, அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு மினிபஸ் ஏறி, அவர் கிராமத்துக்கே போய்க் கையில் திணித்துவிட்டு வந்தவள். விடைத்தாளில் பெயரை மறைத்துவிட்டுத்தான் திருத்த வேண்டும் என்று இரண்டு வருடம் மல்லுக்கட்டி, அதை விதியாகவே ஆக்கியதும் அவள்தான். காசு கொடுத்து எழுதி வாங்கிய ஆய்வேடு அவள் மேசைக்கு வந்தால் பத்தாம் பக்கத்துக்குள் பிடித்துவிடுவாள். சக ஆசிரியர்களுக்கு அவளைப் பிடிக்காது. மாணவர்களுக்குப் பிடிக்கும்.

கடைசி வருடப் பிள்ளைகளுக்காக அவள் ஒரு புதுப் பாடம் ஏற்படுத்தியிருந்தாள். அச்சில் வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள அளவுகளை முதலிலிருந்து கணக்கிட்டு, சரியாக வருகிறதா என்று வகுப்பின் முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

"எழுதினவர் பெரிய ஆள்னு பயப்படாதீங்க. அச்சுல வந்துட்டா அது வேதமாயிடாது" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

ஜோமார்ட் எடுத்தது அவளுடைய கட்டுரையையே. அவளை மடக்கும் எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை. அவன் மலைமேல் இருக்கும் தெரெக் கிராமத்துப் பையன். தன் ஊர் ஓடைத் தண்ணீரில் என்னென்ன உப்பும் உலோகமும் கரைந்திருக்கின்றன என்று தன் ஆசிரியையே மாதாமாதம் அளந்து எழுதியிருக்கிறாள் என்பது தெரிந்ததும் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டவன். அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னவன்.

அவன் முறை வந்தபோது பன்னிரண்டு மாத அட்டவணையைத் திரையில் போட்டான். ஒல்லியான உடம்பு, நாலு பேர் முன்னால் பேசினால் காது சிவந்துவிடும்.

"எஜே, கணக்கெல்லாம் டாண்ணு வருது. ஒரே ஒரு இடந்தான் எனக்குப் புரியல."

ஆசிரியையையும் அக்காவையும் அங்கே எஜே என்றுதான் கூப்பிடுவார்கள்; ஆண் ஆசிரியர் என்றால் அகாய். "கேளு" என்றாள் அனார்குல்.

"டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நாலு மாசம் பாலத்துக்கிட்ட தண்ணி எடுத்ததா போட்டிருக்கீங்க. அந்த எடத்துல அப்போ தண்ணியே இருக்காதே எஜே. அடிக்கல்லு வரைக்கும் உறைஞ்சு கெடக்கும். நாங்களே ஐஸை வெட்டி உருக்கித்தான் டீ போடுவோம். அதான்… நீங்க எப்படி எடுத்தீங்கன்னு தெரிஞ்சுக்கலாமேன்னு."

அவன் குரலில் துளி விஷமம் இல்லை. ஏதோ ஒரு வித்தை இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் நின்றான். அனார்குலுக்குக் கழுத்திலிருந்து சூடு ஏறியது. இருபத்திரண்டு பேர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவசரப்படாதே ஜோமார்ட். பனிக்கட்டிக்கு அடியில இருந்து தண்ணி எடுக்கிறதுக்குன்னு கருவி இருக்கு. ஆட்டு வாலைப் பாத்துக்கிட்டே மலை ஏறுறவங்க கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. பின்வரிசையில் எவனோ "மேஏஏ" என்று கத்தினான். வேறு எந்த நாளாக இருந்தாலும் அவனை எழுப்பி வெளியே அனுப்பியிருப்பாள். அன்று சும்மா இருந்தாள்.

ஜோமார்ட்டும் சேர்ந்து சிரித்தான். "சரிங்க எஜே. அதை நான் யோசிக்கல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். காது மட்டும் வெகு நேரம் சிவந்தே இருந்தது.

அப்படி ஒரு கருவி உலகத்தில் இருக்கலாம். அவளிடம் இருந்ததில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், கணவன் நோவோசிபிர்ஸ்கில் கட்டட வேலைக்குப் போயிருந்த குளிர்காலத்தில், இரண்டு வயது மகளுக்கு நெஞ்சுச் சளி. தெரெக் போகும் பாதையைப் பனி மூடிவிட்டது. எட்டு மாத அளவுகளோடு ஆராய்ச்சி நின்றுபோனது. மே மாதம் பட்டக் குழு கூடுகிறது. அவளுடைய வழிகாட்டி எர்கெஷ், அப்போதே துறைத்தலைவர், அட்டவணையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எட்டு மாசத்தை வச்சிக்கிட்டு எவன் முன்னாடி போய் நிக்கிறது? நவம்பர்ல என்ன வந்துச்சோ அதுல இருந்து கொஞ்சங்கொஞ்சமா இறக்கிப் போடு. குளிர்ல கரையறது குறையும்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

பொய் எழுது என்று அவர் சொல்லவில்லை. அவளும் அந்த வார்த்தையைத் தனக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் நான்கு மாதங்களை எழுதி முடித்தாள். எழுதிய எண்களில் பாதி ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிந்திருந்தன. பார்த்தால் சந்தேகம் வருமே என்று கடைசி இலக்கங்களை மாற்றினாள். பிற்பாடு எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மிகவும் கூசியது அந்தக் கடைசி இலக்கங்களை மாற்றியதுதான்.

கட்டுரை அச்சில் வந்தது. பட்டம் வந்தது. இணைப் பேராசிரியர் பதவி வந்தது. அந்த நான்கு மாத எண்களால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை என்று ஒன்பது வருடம் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வகுப்பு நடந்து இரண்டு வாரம் கழித்து ஜோமார்ட் ஒரு படிவத்தோடு வந்தான். அல்மாட்டியில் நீரியல் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறான். ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும்.

"உங்களை விட்டா நான் யார்கிட்ட போவேன் எஜே?"

"வச்சிட்டுப் போ" என்றாள்.

அன்று சாயங்காலம் அந்தக் கடிதத்தை எழுதி அனுப்பினாள். உழைப்பாளி, ஒழுக்கமானவர் என்று தொடங்கியது. "ஆனால் தரவுகளைக் கையாளும்போது அவசரப்பட்டு முடிவுக்கு வருகிறார். தனித்து ஆய்வு செய்யும் பக்குவம் வர இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம்" என்று முடிந்தது. நீரியல் படித்தவன் முதலில் எந்த ஓடைக்குப் போய் நிற்பான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கை தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, கறாரான ஆசிரியை உள்ளதை உள்ளபடி எழுதுகிறாள் என்றே நினைத்துக்கொண்டாள்.

ஜூலையில் அல்மாட்டியிலிருந்து இல்லை என்று பதில் வந்தது. அதைச் சொல்ல அவனே நேரில் வந்தான், தந்தூர் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த இரண்டு சம்சாவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு.

"கெடைக்கல எஜே. அதனால என்ன, நீங்க உங்க நேரத்தை செலவழிச்சு எழுதினீங்களே, அதுக்கு நன்றி சொல்லலாம்னு வந்தேன். எனக்கு அவசர புத்திதான். நீங்க அன்னைக்கே சொன்னீங்க."

"இனிமே என்ன பண்ணப் போறே?"

"கரா-சூ பஜார்ல மாமா கடை. திரைத்துணி வியாபாரம். ஒரு வருஷம் ஓட்டலாம்னு."

"நல்லது. அனுபவம் வரட்டும்" என்றாள் அனார்குல். இந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். சம்சாவை அவள் சாப்பிடவில்லை. வெளியே எறியவும் மனம் வரவில்லை; மறுநாள் வரை அது மேசை மேலேயே இருந்து எண்ணெய் ஊறிக் காய்ந்தது.

இலையுதிர் காலத்தில் பிஷ்கெக்கிலிருந்து அழைப்பு வந்தது. நேர்மையான உயர்கல்வி பற்றிய மாநாடு. பெயர் மறைத்துத் திருத்தும் முறை பற்றி அவள் பேச வேண்டும். பேசினாள். எழுந்து நின்று கை தட்டினார்கள். முடிந்ததும் ஓர் இளம் ஆசிரியை ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எஜே, உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கீங்கன்னுதான் நான் இந்த வேலையை விடாம இருக்கேன்."

அனார்குல் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் கழிப்பறை எங்கே என்று கேட்டாள். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு, மண்டபத்தில் பேச்சுச் சத்தம் ஓயும்வரை நின்றாள்.

ஜனவரி விடுமுறையில், மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, தெரெக் போகும் ஜீப்பில் ஏறினாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. அங்கே ஒரு சொட்டாவது ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டது மட்டும் உண்மை.

பாலத்தடியில் இரண்டு சிறுமிகள் கோடாலியால் பனிக்கட்டியை வெட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடை அடிவரைக்கும் வெள்ளைக் கல்லாக நின்றது. வெட்டிய குழிக்குள் அனார்குல் கையை விட்டுப் பார்த்தாள். கீழே கூழாங்கல் தட்டுப்பட்டது. விரலில் ஈரம்கூட ஒட்டவில்லை.

"அனார்குல் டீச்சர்தானே நீங்க?"

திரும்பினாள். தலையில் சால்வை சுற்றிய ஒரு பெண், வாயெல்லாம் சிரிப்பாக நின்றாள். "பட்டமளிப்பு ஃபோட்டோவுல பாத்திருக்கேனே! நான் உல்கான், ஜோமார்ட்டோட அம்மா. ஐயோ, இந்தக் குளிர்ல வெறுங்கையோட நிக்கிறீங்களே, வாங்க வாங்க."

மறுக்க வழியே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கதவுக்கு எதிரே, மதிப்பான விருந்தாளிக்குரிய இடத்தில் மெத்தை போட்டு உட்கார வைத்தாள். அனார்குல் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கொல்லைப்புறத்தில் ஓர் ஆடு கத்தி ஓய்ந்தது. பொரித்த போர்சோக் மாவுருண்டைகள், வெண்ணெய், ஆப்ரிகாட் ஜாம் எல்லாம் வரிசையாக வந்தன. உல்கான் கிண்ணத்தில் கொஞ்சங்கொஞ்சமாக டீயை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க சொன்னது ரொம்பச் சரி டீச்சர். சின்னதுல இருந்தே இவன் அவசரக்குடுக்கை. டீச்சர் எழுதினதுலயே குத்தம் பாக்கப் போனியாடான்னு நானே வெளுத்து வாங்கிட்டேன். மன்னிப்புக் கேட்டியான்னு கேட்டேன். கேட்டேன்னான். கேட்டானா?"

ஜோமார்ட்டின் அப்பா பெரிய தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஆவி பறக்கும் இறைச்சி. பெண் விருந்தாளிக்கென்று எடுத்து வைக்கும் வால்பக்கத்துக் கொழுப்புத் துண்டு அவள் பக்கமாகத் திருப்பப்பட்டிருந்தது.

அனார்குலால் முடியவில்லை.

"அவன் அவசரப்படல" என்றாள். "அவன் கேட்டது சரி. நான் இங்க குளிர்காலத்துல வந்ததே இல்ல. அந்த நாலு மாசக் கணக்கை வீட்டுல உக்காந்து நானா எழுதினேன். அதை மறைக்கத்தான் அவனை எல்லார் முன்னாடியும் கேலி பண்ணேன். அல்மாட்டிக்கு அவனைப் பத்தித் தப்பாவும் எழுதினேன். அவனுக்கு எடம் கெடைக்காததுக்கு நான்தான் காரணம்."

உல்கான் ஊற்றிக்கொண்டிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ எம் பையன் சொன்னது சரியா?" என்றாள் உல்கான்.

"சரி."

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்கிட்ட எதுக்கு சொல்றீங்க?"

உல்கான் டீக் கெண்டியைத் தூக்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதற்குப்பின் ஊற்றவில்லை.

"சாப்பிடுங்க" என்றார் ஜோமார்ட்டின் அப்பா, தட்டைப் பார்த்தபடியே. "வெட்டியாச்சு."

அவள் சாப்பிட்டாள். புறப்படும்போது வழக்கப்படி மிச்ச இறைச்சியைப் பையில் கட்டி, உல்கான் அவள் கையில் கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

மறுநாளே கரா-சூ பஜாருக்குப் போனாள். கண்டெய்னர் பெட்டிகளை அடுக்கிக் கடைகளாக்கியிருந்த சந்துகளில் விசாரித்து விசாரித்து அவனைக் கண்டுபிடித்தாள்.

"எஜே! டீ சொல்லட்டுமா?" என்று எழுந்தான் ஜோமார்ட்.

"வேணாம்ப்பா. உக்காரு" என்றவள், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டிலிருந்து அவனுக்கு இன்னும் ஃபோன் வந்திருக்கவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவன் ஒரு துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"போன வருஷம் ஊருக்குப் போனப்ப அப்பாகிட்ட கேட்டேன்" என்றான். "நீங்க தண்ணி எடுத்த வருஷம் குளிர் கம்மியா இருந்துச்சான்னு. அந்த வருஷம் நம்ம மாடு ரெண்டு விறைச்சுச் செத்துச்சேடான்னார். அப்பவும் எனக்கு உங்க மேல சந்தேகம் வரல எஜே. எங்கப்பாவுக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் பெசகுதுன்னு நெனச்சேன்."

அனார்குல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கடுதாசில என்னன்னு எழுதினீங்க?"

ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அதற்குள் ஒரு அம்மா வந்து ஊதாத் துணி நாலு மீட்டர் கேட்டார். அவன் அளந்து, வெட்டி, சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டு வந்தான்.

"இப்ப நான் என்ன சொல்லணும்? பரவால்லன்னா?"

"சொல்ல வேணாம்."

"சொல்லவும் வரல."

"அந்தக் கட்டுரையை நான் திரும்ப வாங்கிக்கப் போறேன். எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப் போறேன். உனக்குப் புதுசா ஒரு கடுதாசியும் தரேன்."

"கள்ளக் கணக்கு எழுதினவங்கன்னு தெரிஞ்சப்புறம் உங்க கடுதாசியை எவன் எஜே மதிப்பான்?"

அவள் அதை யோசித்திருக்கவில்லை. "அப்படின்னா முதல்ல கடுதாசியை அனுப்பிட்டு, உனக்கு எடம் கெடைச்சப்புறம் கட்டுரையை…" என்று ஆரம்பித்தவள், தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்து பாதியில் நின்றாள்.

ஜோமார்ட் அவளை நிமிர்ந்து பார்த்தான். "இன்னமும் கணக்குப் போடறீங்களே" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். பாவம் என்பது போலச் சொன்னான்.

பிப்ரவரியில் துறைக் கூட்டம். முந்தின நாளே விஷயம் தெரிந்து எர்கெஷ் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"உன் ஒருத்தி பேரா அதுல இருக்கு? என் பேரும் இருக்கு. எட்டு மாசத்துல ஓய்வு எனக்கு. ஊர்ல உள்ள கட்டுரையெல்லாம் இப்படி உலுக்கினா எத்தனைம்மா மரத்துல தங்கும்? மனசு சரியில்லன்னா பத்து நாள் லீவு எடுத்துக்கோ, நான் கையெழுத்துப் போடறேன்."

"எழுதினது என் கைதான் அகாய். அதை மட்டுந்தான் சொல்லப் போறேன்."

"நான் சொல்லித்தான் எழுதினேன்னு சொல்ல மாட்டியே?"

"கேட்டா சொல்லுவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார்.

கூட்டத்தில் எழுதி வைத்ததைப் படித்தாள். நான்கு மாதங்கள், கடைசி இலக்கங்கள், வகுப்பில் சொன்ன ஆட்டு வால், அல்மாட்டிக்குப் போன கடிதம் எல்லாவற்றையும் படித்தாள். ஜோமார்ட் பெயரை அவனிடம் கேட்டுக்கொண்டுதான் சேர்த்திருந்தாள். "சேத்துக்கோங்க, சிரிச்சவங்கள்ல ரெண்டு பேர் இப்ப அங்கதான் லேப்ல வேலை பாக்கறாங்க, அவங்களும் கேக்கட்டும்" என்று ஃபோனில் சொல்லியிருந்தான்.

படித்து முடித்ததும், மூன்று வருடத்துக்கு முன்னால், காசு கொடுத்து எழுதி வாங்கியது என்று யாருடைய ஆய்வேட்டை அவள் திருப்பி அனுப்பினாளோ, அந்த விரிவுரையாளர் எழுந்தார். "எங்கிட்ட அன்னைக்கு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? உனக்கெல்லாம் வெக்கமே இல்லையான்னு கேட்டீங்க. என் பொண்டாட்டி அப்போ வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா."

"ஞாபகம் இருக்கு" என்றாள்.

பத்திரிகை கட்டுரையை நீக்கியது. பட்டக் குழு விசாரித்துப் பட்டத்தையும் பதவியையும் பறித்தது. எர்கெஷிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. யார் எழுதச் சொன்னது என்று அவளிடம் கேட்டபோது அவள் சொன்னதை யாரும் குறிப்பில் எழுதவில்லை. இதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஏப்ரலில் நடந்தது. பெயர் மறைத்துத் திருத்தும் விதியை எடுத்துவிடலாம் என்று தீர்மானம் வந்தது. "யார் கொண்டுவந்த விதி இது?" என்று ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்தது. பத்து நிமிடத்தில் விதி போய்விட்டது. கோடைப் பரீட்சைக்குத் தேன் டின்களும் பிராந்திப் பெட்டிகளும் பழையபடி படியேறின. அவள் நடைக்கூடத்தில் அவற்றைத் தாண்டித்தான் போனாள். நிறுத்திக் கேட்க வாய் எழவில்லை.

ஜோமார்ட் கடிதத்துக்கு அவளிடம் வரவில்லை. ஆய்வுக்கூடத்தின் நெடுநாள் பொறுப்பாளர் குல்ஜான் எழுதிக் கொடுத்தார். அல்மாட்டி இந்த முறையும் கிடைக்கவில்லை, பிஷ்கெக்கில் கிடைத்தது. அலுவலகத் தட்டச்சுப் பெண் போகிற போக்கில் சொல்லித்தான் அனார்குலுக்கே தெரியும். ஒரு வாழ்த்து அனுப்பலாமா என்று ஃபோனை எடுத்தாள், நாலு வரி அடித்தாள், அழித்துவிட்டாள்.

செப்டம்பரில் அவளை முதலாம் வருட ஆய்வுக்கூடப் பயிற்றுநராகப் போட்டார்கள். இரண்டாவது வாரத்தில், அமிலக் கரைசலை அளந்துகொண்டிருந்த ஒரு புதுப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எஜே, அந்தத் தண்ணிக் கணக்கு எழுதினது… நீங்கதானா?"

"ஆமா."

"ஏன் அப்படிப் பண்ணீங்க?"

மூடிய பாதை, மகளின் சளி, வழிகாட்டி எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. எல்லாம் நடந்தவைதான்.

"பட்டம் வேணும்னு இருந்துச்சு. அதான்" என்றாள்.

அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகு தன் குடுவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு ஜன்னலோரத்து மேசைக்கு, குல்ஜான் நிற்கும் பக்கமாகப் போய்விட்டாள். அனார்குல் காலியான இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.